கைத்துப்பாக்கிக்கு எதுக்கு கத்தி?

நீளத் துப்பாக்கியின் முனையில் ஒரு கத்தியை மாட்டினார்கள். உலகத்தின் பாதிப் போர்முறையே மாறிப்போச்சு. அதே கத்தியைக் கைத்துப்பாக்கியில் மாட்டிப் பார்த்தார்கள், ஒரு தடவை இல்லை, 200 வருஷமாகத் திரும்பத் திரும்ப. ஒவ்வொரு தடவையும் அது மியூசியம் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் போய் உட்கார்ந்தது. ஏன்?

வீடியோ கேம்களில் பிஸ்டலுக்குக் கீழே கத்தி மாட்டிய ஹீரோவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வியே விசித்திரமாகத் தோன்றலாம். குண்டு தீர்ந்தால் குத்து, இதில் என்ன சிக்கல்? சிக்கல் இருக்கு. அதைப் புரிந்துகொள்ள ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம். திருவண்ணாமலை, பாஞ்சாலங்குறிச்சி, வேலூர் மூன்று ஊரும் போதும். பிறகு கைத்துப்பாக்கிக்கு வருவோம்.

முதலில் சொல். பயனெட்டை உருதுவில் 'சங்கீன்' என்பார்கள். நம்ம பழைய எழுத்துகளில் 'துப்பாக்கிச் சனியன்' என்று வரும். சங்கீன்தான் தமிழ் வாயில் சனியன் ஆகியிருக்கும் என்பது என் ஊகம். எதிரில் நின்று அதைப் பார்த்தவனுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே பட்டிருக்கும். இந்தக் கட்டுரையில் பயனெட் என்றே எழுதுகிறேன்.

17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் காலாட்படையில் இரண்டு வகை ஆட்கள் சேர்ந்து நிற்பார்கள். ஒருத்தன் துப்பாக்கிக்காரன், இன்னொருத்தன் நீண்ட ஈட்டிக்காரன். துப்பாக்கிக்காரன் சுட்டுவிட்டு மறுபடி மருந்து போட்டு, குண்டு போட்டு, குச்சியால் இடித்துக் கெட்டிப்பதற்குள் குதிரைப்படை வந்து ஏறிவிடும். அந்த நேரத்தில் அவனைக் காப்பாற்றுவது பக்கத்தில் நிற்கும் ஈட்டி. பயனெட் செய்த வேலை, இந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கியது. ஆரம்பத்தில் அதன் கைப்பிடியையே குழலுக்குள் சொருகினார்கள். சொருகிவிட்டால் சுட முடியாது, சுட வேண்டுமானால் பிடுங்க வேண்டும். 1689-ல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கியில் அரசுப் படை அப்படிச் சொருகிக்கொண்டிருக்கும்போதே மலைவாசிகள் வாளோடு வந்து விழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் குழலைச் சுற்றி வளையமாக மாட்டும் பயனெட் எல்லாப் படைகளிலும் பரவியது. கத்தி மாட்டியிருக்கும்போதே சுடலாம்.

இந்த வகைதான் நம்ம ஊருக்கு வந்தது. 1767 செப்டம்பர் 3-ஆம் தேதி செங்கத்தில் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் நிஜாமும் சேர்ந்து தாக்கினார்கள். ஸ்மித் அடி வாங்காமல் தப்பித்து, 35 கிலோமீட்டர் கிழக்கே திருவண்ணாமலை நோக்கி வந்தார். அந்த மாதக் கடைசியில் இங்கேயே பெரிய சண்டை நடந்தது, ஹைதர் பின்வாங்கினார். இன்று கிரிவலம் போகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இந்த மலையைச் சுற்றியுள்ள நிலத்தில் இப்படி ஒரு போர் நடந்தது தெரியும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அந்த நூற்றாண்டில் அண்ணாமலையார் கோயில் மதிலே கோட்டை மதிலாகப் பயன்பட்டது.

ஹைதரின் பலம் குதிரைப்படை. அடர்த்தியாக நிற்கும் பயனெட் வரிசை மேல் குதிரை பாயாது. வீரன் பாயச் சொன்னாலும் குதிரைக்குப் புத்தி இருக்கு. கம்பெனிச் சிப்பாயின் கையில் இருந்தது 'பிரவுன் பெஸ்' வகைத் துப்பாக்கி. அதில் பல மாதிரிகள் உண்டு. பின்னால் கம்பெனிக்காகவே செய்த இந்திய மாதிரியில் குழல் மட்டும் 39 அங்குலம், மொத்தத் துப்பாக்கி சுமார் 55 அங்குலம். அதன் முன்னால் 17 அங்குல முக்கோண பயனெட். கூட்டிப் பாருங்கள், 72 அங்குலம், ஆறு அடி. அதாவது சிப்பாய் கையில் இருந்தது கத்தி மாட்டிய துப்பாக்கி இல்லை. சுடவும் தெரிந்த ஒரு ஈட்டி. அதை இரண்டு கையால் பிடித்து, உடம்பின் எடையைப் பின்னால் வைத்துக் குத்தலாம்.

பயனெட்டின் ரகசியம் கூர்மையில் இல்லை, நீளத்தில் இருக்கு. இதற்கு எதிர்ச்சான்றும் நம்மிடமே உண்டு.

1799-ல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்தார்கள். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிவந்து, மண்கோட்டையை மறுபடி எழுப்பினார். மார்ச் 31-ஆம் தேதி மேஜர் மெக்காலே தலைமையில் கம்பெனிப் படை அதைத் தாக்கியது. பீரங்கியால் மதிலில் ஒரு பிளவு உண்டாக்கியாயிற்று. பயனெட் மாட்டிய ஐரோப்பியச் சிப்பாய்கள் அதில் ஏறினார்கள். ஏறியவர்கள் உள்ளே இறங்கவே முடியவில்லை. பிளவுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வல்லயக்காரர்கள் நின்றிருந்தார்கள். அந்தச் சண்டையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830-ல் வெளிவந்த நினைவுக்குறிப்பில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். வல்லயங்களின் நீளம் 18 அடிக்குக் குறையாது என்கிறார். முன்னால் ஏறிய 120 ஐரோப்பியரில் காயமில்லாமல் திரும்பியவர்கள் 46 பேர் என்பதும் அவர் தரும் கணக்கு.

ஆறு அடி ஈட்டிக்கு எதிரில் 18 அடி ஈட்டி. சுட்டாலும் மண் மதில்தான் குண்டை வாங்கிக்கொள்ளும், குத்தப் போனால் கை எட்டாது. கோட்டை விழுந்தது மே 24-ஆம் தேதி, அதுவும் அக்னியூ இன்னும் பெரிய படையோடும் பீரங்கிகளோடும் வந்த பிறகுதான். கட்டபொம்மன் கதையை வசனமாகக் கேட்டே வளர்ந்த நமக்கு இந்த மார்ச் 31 அவ்வளவாகத் தெரியாமல் போனது எனக்கு வருத்தம்.

அடுத்தது வேலூர், 1806 ஜூலை 10. விடியும் முன் சிப்பாய்கள் எழுந்து 69-ஆம் ரெஜிமெண்டின் பாசறையைச் சுட்டார்கள். தப்பிய வெள்ளைக்காரச் சிப்பாய்களில் சுமார் 60 பேர் மதில் மேல் ஒதுங்கி நின்றார்கள். செய்தி கேட்டு ஆற்காட்டிலிருந்து, சுமார் 25 கிலோமீட்டர், கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார். கதவைத் திறக்க வழியில்லை. மேலிருந்து விட்ட கயிற்றைப் பிடித்து மதில் மேல் ஏறினார். ஏறிப் பார்த்தால் அந்த 60 பேரிடமும் குண்டு தீர்ந்திருந்தது. பயனெட் மட்டும் இருந்தது. அதை வைத்தே மதிலின் மேல் ஒரு தாக்குதல் நடத்தி, கீழே குதிரைப்படையின் சிறு பீரங்கிகள் வந்து கதவை உடைக்கும் வரை நேரத்தை இழுத்துப் பிடித்தார். அதற்குப் பிறகு உள்ளே நடந்தது சண்டை இல்லை. பிடிபட்ட சிப்பாய்களில் 100 பேர் அளவுக்குச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். கில்லெஸ்பியின் வீரம் பற்றிப் படிக்கிறவர்கள் இந்த வரியையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

என் கேள்விக்கு வேலூர்தான் சரியான பரிசோதனை. குண்டில்லாத நீளத் துப்பாக்கி, பயனெட் இருந்தால் இன்னும் ஒரு ஆயுதம். அந்த 60 பேரிடமும் அதற்குப் பதிலாகக் கத்தி மாட்டிய கைத்துப்பாக்கி இருந்திருந்தால்? குறுகலான மதில் மேல், எதிரில் ஆறு அடி பயனெட்டோடு நிற்கும் சிப்பாயை நோக்கி, ஒரு அடி கத்தியோடு போயிருப்பார்கள். ஆளுக்கு ஒரு குத்து வாங்கியிருப்பார்கள், அவ்வளவுதான்.

சரி, அப்புறம் ஏன் மாட்டினார்கள்?

பயம்தான் காரணம். நியாயமான பயம். சக்கிமுக்கிக் கல் பிஸ்டலில் ஒரே ஒரு குண்டு. அது பத்து அடிக்கு மேல் போனால் எங்கே போகும் என்று பிஸ்டலுக்கே தெரியாது. மழையில் மருந்து நனைந்தால் அதுவும் இல்லை. சுட்டுத் தவறிய மறுநொடி உங்கள் கையில் இருப்பது ஒரு மரக்கட்டை. அந்த மறுநொடிக்கு என்ன செய்வது? பலபேர் கண்ட எளிய விடை, பிஸ்டலைத் திருப்பிப் பிடித்து அடிப்பது. பழைய பிஸ்டல்களின் பிடியில் தடித்த பித்தளைக் குமிழ் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு மட்டுமா அது? குதிரைப்படைக்காரன் கண்ட விடை இன்னும் நல்லது. சேணத்தில் இரண்டு பிஸ்டல், இடுப்பில் வாள். சுட்டுவிட்டுப் பிஸ்டலை உறையில் போட்டு வாளை உருவு.

மூன்றாவது விடைதான் நம்ம விஷயம். 1781-ல் பர்மிங்காமின் ஜான் வாட்டர்ஸ் ஸ்பிரிங் வைத்த பயனெட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். குழலோடு மடங்கிக் கிடக்கும் கத்தி, பூட்டைத் தட்டினால் சடாரென்று முன்னால் வந்து நிற்கும். தபால் வண்டிக் காவலர்கள், கப்பல்காரர்கள், வழிப்பறிக்குப் பயந்த பயணிகள் வாங்கினார்கள். கத்தி சில அங்குலம்தான். திருடனை ஒரு அடி பின்னால் நகர்த்த அது போதும். அந்த வேலைக்கு மோசமில்லை என்றே சொல்வேன். ஆனால் அது வீட்டுக் காவல், போர் இல்லை.

போருக்கு என்றே வந்தது எல்ஜின். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. 1836-ல் அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெறுகிறார். 1837 ஜூலையில் அதே நாட்டில் ஜார்ஜ் எல்ஜின், பிஸ்டலும் பெரிய கத்தியும் ஒன்றான ஆயுதத்துக்குக் காப்புரிமை பெறுகிறார். இரண்டு பேர் முன்னாலும் இருந்தது ஒரே கேள்வி: முதல் குண்டு தவறினால்? எல்ஜின் ஒரு கத்தியைச் சேர்த்தார். கோல்ட் இன்னும் நாலு குண்டைச் சேர்த்தார்.

அமெரிக்கக் கடற்படை எல்ஜினிடம் 150 வாங்கியது. வில்க்ஸ் தலைமையில் 1838-ல் பசிபிக் பக்கம் கிளம்பிய ஆராய்ச்சிப் பயணத்துக்காக. குழலுக்குக் கீழே பதினொன்றரை அங்குல நீளம், இரண்டு அங்குல அகலத்தில் கத்தி. படகிலிருந்து கரைக்குக் குதிக்கிறவனுக்கு ஒரு கை கயிற்றுக்கோ துடுப்புக்கோ வேண்டும், மிச்சம் ஒரு கைதான். அதற்கு இது சரி என்று யாரோ நினைத்திருக்கிறார்கள், அந்த யோசனையில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் 150-க்குப் பிறகு 151-ஆவது வாங்கவில்லை. முன்பாரம் அதிகமான பிஸ்டல், குறி கீழே இறங்கும். கத்தியாகப் பார்த்தால் பிடி கோணல், மேலே ஒரு இரும்புக் குழல் இடைஞ்சல். எங்கள் தொழிலில் இதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். ஒரு மாட்யூலுக்கு இரண்டு வேலையைக் கொடுத்தால், பிழை வரும்போது இரண்டு வேலையும் சேர்ந்து நிற்கும்.

கோல்ட்டின் விடை முழுமையானது என்றும் சொல்லிவிட முடியாது. இந்தியாவில் வேலை பார்த்த ஃபாஸ்பரி என்ற அதிகாரி பின்னாளில் சொன்ன 1857 கதை ஒன்று உண்டு. தன் கோல்ட் ரிவால்வரைப் பற்றிப் பெருமை பேசும் ஒருவர், வாளோடு வந்த சிப்பாயை வரிசையாகச் சுட்டாராம், குண்டுகள் பட்டன, ஆனாலும் வந்தவன் நிற்காமல் வந்து வாளால் வெட்டிவிட்டுத்தான் விழுந்தான். இந்தக் கதையிலிருந்து ஆங்கிலேய அதிகாரிகள் எடுத்த முடிவைக் கவனியுங்கள். அடுத்த தடவை பிஸ்டலில் கத்தி வைக்கலாம் என்று யாரும் கேட்கவில்லை. பெரிய குண்டு கேட்டார்கள். யானை அம்பாரியில் புலி ஏறினால் சுட வைத்திருந்த தடித்த இரட்டைக்குழல் 'ஹௌதா' பிஸ்டல் மாதிரியானவை அந்தத் தேவைக்குப் பிறந்தவை.

இந்தியக் கைவினைஞர்கள் இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டார்கள். கட்டாரி தெரியும்தானே? தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து போன அழகான கட்டாரிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கு. அதன் பிடி கத்திக்கு நீளவாக்கில் இருக்காது, குறுக்கே இருக்கும். முஷ்டியை மூடினால் கத்தி முஷ்டியின் நேர் முன்னால் நீளும். குத்துச்சண்டைக் குத்து விடுவது போலக் குத்தலாம். விசை முழங்கை, மணிக்கட்டு, கத்தி என்று ஒரே நேர்கோட்டில் போகும். வடக்கே, குறிப்பாக ராஜஸ்தான் சமஸ்தானங்களில், இந்தக் கட்டாரியின் இரண்டு பக்கத்திலும் இரண்டு சின்னப் பிஸ்டல் குழல்களைப் பொருத்தினார்கள். குண்டு போனாலும் போகாவிட்டாலும் கையில் கட்டாரி இருக்கு, அது முழுக் கட்டாரி.

பிஸ்டலில் மாட்டிய கத்தியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே கத்தி முனை, மணிக்கட்டின் நேர்கோட்டுக்கு மேலே, குழலின் நீளம் தாண்டி இருக்கு. குத்தும்போது எதிர்விசை அந்த முனையில் வந்து மோதி, பிஸ்டலையே மணிக்கட்டில் மடக்கப் பார்க்கும். வீட்டிலேயே சோதிக்கலாம், ஆபத்தில்லாமல். துணி தைக்கும் அடி ஸ்கேலைப் பிஸ்டல் மாதிரிப் பிடித்த கைக்கு மேலே வைத்துச் சுவரில் அழுத்துங்கள். பிறகு அதையே முஷ்டியின் நடுவிலிருந்து நீட்டி அழுத்துங்கள். எது மடங்குகிறது என்று மணிக்கட்டே சொல்லும். கட்டாரி பிஸ்டலும் பெரும்பாலும் ராஜாக்கள் பரிசளித்துப் பார்த்து ரசித்த பொருள் என்றுதான் அதன் வேலைப்பாட்டைப் பார்த்தால் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் பொறியியல் கணக்கில் அது எல்ஜினை ஜெயிக்கிறது.

கடைசிப் பெரிய முயற்சி முதல் உலகப்போரில். பதுங்குகுழி ஒரு ஆள் அகலம், திரும்புகிற இடமெல்லாம் முட்டுச்சுவர். ஆறு அடி நீளம் அங்கே சுமைதான். பயனெட்டின் ஒரே பலம் அங்கே பலவீனம் ஆகிறது. ராயல் பெர்க்‌ஷயர் ரெஜிமெண்டின் கேப்டன் ஆர்தர் பிரிச்சர்ட், வெப்லி ரிவால்வரின் முனையில் மாட்ட ஒரு பயனெட்டை வடிவமைத்தார். பழைய பிரெஞ்சு கிராஸ் பயனெட்டை வெட்டிய கத்தி, உலோகப் பிடி. பர்மிங்காமின் கிரீனர் நிறுவனம் கொஞ்சம் செய்து விற்றது. ராணுவம் அதிகாரப்பூர்வமாக ஏற்கவில்லை. ஆறு குண்டு உள்ள ரிவால்வர், ஆறும் தீர்ந்து, எதிரி இன்னும் கை எட்டும் தூரத்தில் நிற்கிற அந்தச் சில நொடிக்காக, நாள் முழுக்க ஒரு கத்தியை முனையில் சுமக்க வேண்டும். உறையிலும் நுழையாது. பதுங்குகுழிச் சண்டையில் நிஜமாகப் புழங்கியவை தனிக் கத்தி, கதை மாதிரி ஆணியடித்த தடி, தீட்டிய மண்வெட்டி. 1914-ல் இந்தியாவிலிருந்து பிரான்ஸ் போன கூர்க்காக்கள் இதற்கு யோசிக்கவே இல்லை. துப்பாக்கி கையில், குக்ரி இடுப்பில். இரண்டும் வேற வேற.

இன்றைய ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் இன்னொரு தொல்லை. பிரௌனிங் வகையில், நம்ம ராணுவத்துக்கு இஷாப்பூரில் செய்த 9 எம்.எம். பிஸ்டலும் அந்த வகைதான், மேல்பகுதி முழுக்கப் பின்னால் நகரும். முனையை எதன் மேலாவது அழுத்தினால் அது சில மில்லிமீட்டர் பின்னால் போய்விடும், விசையை இழுத்தாலும் சுடாது. கத்தியைக் குழலில் மாட்ட முடியாமல் போவது இதனால். அதனால் டார்ச் மாட்டும் தண்டவாளத்தில் மாட்டினார்கள். செக் நாட்டு சி.இசட். நிறுவனம் தன் பிஸ்டலுக்கு அப்படி ஒரு பயனெட் விற்றது. நன்றாக விற்கும் இடம் அலமாரி. அதோடு ஒரு விஷயம்: குத்தும்போது விரல்கள் எல்லாம் தானாக இறுகும், அதில் ஒரு விரல் விசை மேல் இருக்கு.

இதைப் படித்துவிட்டு யாராவது ஆன்லைனில் தேடக் கிளம்பினால், சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் பயனெட் வாள், ஈட்டி பட்டியலோடு பெயர் சொல்லியே இருக்கு. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளும் அதே வகை, சமையலுக்கும் விவசாயத்துக்கும் உள்ளவை தவிர. எல்ஜினின் பதினொன்றரை அங்குலம் அந்த அளவைத் தாண்டிவிடும். தேங்காய் வெட்டும் அரிவாளுக்குப் பிரச்சினை இல்லை.